கமிட்டி மெம்பர் அரங்கநாதன்

விழுப்புரம்
8.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கலைமதி எழுதுகிறேன். இங்கே அம்மா, நான், வல்லரசு மூவரும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

திண்டிவனத்தில் இருக்கிற அப்பாவுக்கு விழுப்புரத்திலிருந்து மகள் கடிதம் எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் போனில் பேசிப் பார்த்துவிட்டேன். யாரோ ஒரு சப்ளையர் சமையலறையை வீடியோ எடுத்துப் போட்டதற்காக உங்கள் முதலாளி எல்லோருடைய போனையும் வாங்கிக் கல்லாவில் பூட்டி வைக்கிறார். அது உங்கள் கைக்குத் திரும்பி வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். ஞாபகமாக நீங்கள் கூப்பிடுகிற அன்றும் "சாப்டியா, அம்மா இன்னா பண்ணுது, வச்சிடவா" என்பதோடு சரி.

அதனால் தொம்மை அண்ணனிடம் கேட்டேன். தினமும் உங்கள் ஓட்டலுக்கு வாழை இலை ஏற்றிக்கொண்டு வருகிறவர்தானே. "இலைக்கட்டுல சொருவிக்கினு போய்க் குடுத்துர்றேன் பாப்பா, ஈரம் பட்டா என்னக் கேக்காத" என்றார்.

போன மாதம் நீங்கள் வந்தபோதே பேச நினைத்தேன். அம்மா பாய் போட்டு, டி.வி.யை நிறுத்தி, ஃபேனை உங்கள் பக்கம் திருப்பினாள். வல்லரசு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் வாசல்படியில் உட்கார்ந்து, நீங்கள் எழுந்ததும் சொல்லலாம் என்று வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றீர்கள்.

சொல்ல நினைத்தது இதுதான். ஜூலை ஐந்தாம் தேதி சனிக்கிழமை வல்லரசின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இந்த வருஷம் அவனுக்கு முக்கியமானது. நீங்கள் வர வேண்டும். நீங்களே வர வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
கலைமதி


திண்டிவனம்
19.6.2025

மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. மலையனூர் அம்மன் புண்ணியத்தில் நான் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் எழுத்து நன்றாக இருக்கிறது. இலைத் தண்ணீர் பட்டு இரண்டு வரி கலைந்துவிட்டது. மீதியைப் படித்தேன்.

சனிக்கிழமை தோசைக்கல்லை விட்டு நகர முடியாதம்மா. மெட்ராசிலிருந்து ஊருக்குப் போகிற கார் எல்லாம் நம் ஓட்டலில்தான் நிற்கும். முதலாளியிடம் கேட்டால், "போங்க மாஸ்டர், வாணான்னா சொன்னேன்? திங்கக்கெழம கல்லுல வேற ஆள் நின்னா மட்டும் என்ன ஏன்னு கேக்காதீங்க" என்பார். கேட்காமலே தெரியும்.

பத்தாவது படிக்கிற பையனுக்கு அப்பா எதற்கு? அம்மா போனால் போதாதா? இல்லையென்றால் நீ போ. டிகிரி வாங்கியவள் நீதானே நம் வீட்டில்.

வல்லரசை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மழை வருவதற்குள் பின்பக்கக் கூரை ஓடுகளை மாற்றச் சொல்.

இப்படிக்கு
அரங்கநாதன்


விழுப்புரம்
6.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தீர்கள், சரி.

வல்லரசு பன்னிரண்டாவது படிக்கிறான். அவன் பத்தாவது முடித்தபோது நீங்கள் ஓட்டல் மைசூர்பாகு கொடுத்தனுப்பினீர்கள். அந்த டப்பாவில்தான் அம்மா இப்போது கடுகு வைத்திருக்கிறாள். உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். சிரித்தான். "வுடு அக்கா, நம்ம ஃபைல அங்கியே நிறுத்தி வெச்சிக்கினு இருக்காரு" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னைப் போகச் சொன்னீர்கள். டிகிரி வாங்கியவள் என்று சொன்னீர்கள். நான் அதை வாங்கிய அன்று எனக்கு ஒதுக்கிய இரண்டு நாற்காலியில் ஒன்றில் அம்மா, இன்னொன்றில் அம்மாவின் பை. பக்கத்தில் இருந்த பெண்ணின் அப்பா பரிதாபப்பட்டு என்னையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு நான் யாருடைய மகள் என்று தெரியாது.

நேற்றுக் கூட்டத்துக்கு ஆள் போயாகிவிட்டது. அப்பா கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஓடு மாற்றியாகிவிட்டது.

கலைமதி


திண்டிவனம்
21.8.2025

மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் தம்பியும் நலமா?

பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஆடி மாதம் முழுக்க மலையனூர் போகிற கூட்டம். ஒரு தோசை எடுப்பதற்குள் நான்கு பேர் தட்டை நீட்டுகிறார்கள். வகுப்பு விஷயம் கை தவறி எழுதியது. எனக்குத் தெரியாதா?

கூட்டத்துக்கு ஆள் போயாச்சு என்று எழுதியிருக்கிறாய். யார் என்று எழுதவில்லை. என் கையெழுத்தை யார் போட்டது? உன் அம்மாவுக்கு அவள் பெயரே கோணலாகத்தான் வரும்.

அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று இருந்தால் தொம்மையிடம் கொடுத்தனுப்பு. நைந்ததாக இருந்தாலும் போதும். இங்கே கொஞ்சம் துணி தேவைப்படுகிறது.

போளி அனுப்பியிருக்கிறேன். சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள்.

அரங்கநாதன்


விழுப்புரம்
14.9.2025

அப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

புடவையை மடித்துக் கவரில் போட்டுப் போன திங்கட்கிழமை தொம்மை அண்ணன் வண்டியில் வைக்கப் போனேன். "நாளைக்கி செவ்வாக்கெழமையாச்சே பாப்பா, மாஸ்டர் இருக்க மாட்டாரு. புதங்கெழம குடுத்தா பரவால்லியா?" என்றார். ஏன் இருக்க மாட்டார் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வாரா வாரம் செவ்வா லீவுதான அவுருக்கு? லேபர் ஆபீசர் வந்து கத்திட்டுப் போனதுலேர்ந்து ஆளுக்கு ஒரு நாளு வுட்டுக்கினு இருக்காங்க. வருசம் ஆவப் போவுது. வூட்டுக்கு வர்றாருன்னுல்ல நெனச்சேன் நானு."

அம்மா அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். பிழிந்த துணியையே எடுத்து மறுபடியும் பிழிந்தாள்.

லீவு கிடையாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பொங்கலுக்குக் கிடையாது, வல்லரசுக்கு டைபாய்டு வந்தபோது கிடையாது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது கிடையாது. அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். இந்த ஒரு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள் எங்கே அப்பா? யாரிடம் கொடுத்தீர்கள்?

இன்னொரு வீடு இருக்கிறதா என்று நேரில் கேட்க எனக்கு வாய் வராது. எழுத வருகிறது. இருக்கிறதா?

நீங்கள் கேட்டதற்குப் பதில் நான் எழுதப் போவதில்லை. கூட்டத்துக்கு யார் போனார் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறந்துதான் இருக்கும்.

கலைமதி


விழுப்புரம்
26.10.2025

அப்பாவுக்கு,

நலமா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. தீபாவளிக்கும் வரவில்லை. தொம்மை அண்ணனைக் கேட்டேன். "வாங்கிப் படிச்சாரு, மடிச்சி சட்டப் பையில வெச்சிக்கினாரு, அவ்ளோதான். என்னான்ட கூட பேச்சக் கொறச்சிட்டாரு" என்றார்.

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு நாள் பள்ளி வாட்ச்மேன் வல்லரசிடம் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து, "உங்க ஊர்க்காரரு ஒருத்தரு வந்தாருப்பா, குடுக்கச் சொன்னாரு" என்றாராம். உள்ளே வறுத்த மல்லாட்டை, தோலோடு முழுக் கடலை. அதற்கு அடியில் ஒரு பொட்டலம் போளி, உங்கள் ஓட்டல் பெயர் அச்சடித்த தாளில். வல்லரசு பார்த்துவிட்டுத் தொடாமல் அலமாரி மேல் வைத்தான். போளி கெட்டுப்போய்த் தூக்கிப் போட்டோம். பை இன்னும் அங்கேயே இருக்கிறது. அம்மா அதைத் துடைக்கிற சாக்கில் தினமும் தொட்டுப் பார்க்கிறாள்.

வந்தது நீங்கள்தானா?

கலைமதி


திண்டிவனம்
9.11.2025

கலைமதி,

நான்தான்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று எழுதினாயே, அதனால் வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்றார். "வல்லரசோட அப்பா, அரங்கநாதன்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "அரங்கநாதன் சார எனக்குத் தெரியாதாய்யா? கமிட்டி மெம்பரு. போன பொங்கலுக்கு எனக்கு வேட்டி எடுத்துக் குடுத்தவரு. நீ யாரு?" என்றார். வேறு யாரோ அரங்கநாதன் இருக்கிறார் போல என்று நான் சிரித்தேன்.

ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். சுவரில் ஒரு போட்டோவைக் காட்டினார். பெற்றோர் ஆசிரியர் கழகச் செயற்குழு என்று போட்டு, கீழே வரிசையாகப் பெயர். என் பெயர் இருந்தது. என் பெயருக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் சீனுவாசன். நம் அடுத்த வீட்டு ஜெராக்ஸ் கடை சீனுவாசன்.

சந்தேகம் தீர்த்துக்கொள்ள ஹெட்மாஸ்டர் அந்த அரங்கநாதனுக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். "வணக்கம் சார், அரங்கநாதன்தான் பேசறேன். என்னா சார், பையன் எதுனா வம்பு பண்ணிட்டானா?" என்றான். எவ்வளவு உரிமையாகக் கேட்டான் தெரியுமா? அந்த மாதிரி ஒரு வார்த்தை நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை.

ஆதார் கார்டு சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேஜை மேல் போட ஒரு நிமிஷம் ஆகாது. போட்டால் என்ன ஆகும்? பையன் இத்தனை வருஷம் பொய் அப்பனைக் காட்டியிருக்கிறான் என்று டி.சி.யைக் கிழித்துக் கொடுத்துவிட்டால்? பன்னிரண்டாவது. எனக்குத் தெரியும் பன்னிரண்டாவது என்று.

"ஊர்க்காரன் சார். அப்பான்னு சொன்னாதான் உள்ள வுடுவாங்கன்னு சொல்லிட்டேன். மல்லாட்ட குடுக்க வந்தேன்" என்றேன். "பொய் சொல்லிக்கினு ஸ்கூலுக்குள்ள வர்றது தப்புய்யா, தெரியுமா?" என்றார். "தெரியும் சார்" என்றேன்.

இன்னொரு வீடு இருக்கிறதா என்று கேட்டாய். பெற்ற மகள் கேட்கிற கேள்வியா அது? செவ்வாய்க்கிழமைகளில் நான் விழுப்புரத்துக்குத்தான் வந்தேன். பிள்ளையார் கோயில் முனை வரைக்கும் வருவேன். அங்கிருந்து நம் வீட்டுச் சத்தம் கேட்கும். ஒரு நாள் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வல்லரசு கத்துகிறான். நீ சிரிக்கிறாய். நீ அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினால் அது நின்றுவிடும். டி.வி. நிற்கும், பாய் விரியும், பையன் சைக்கிளை எடுப்பான். எனக்குத் தூக்கம் வராத நாளிலும் அந்தப் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறேன். என்னதான் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்கலாம் என்று. நீங்கள் கையால் ஜாடை காட்டிப் பேசிக்கொள்வீர்கள். பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. ஒரு பிணமாக எத்தனை தடவை வருவது? முனையிலிருந்தே திரும்பிவிடுவேன்.

உன் அம்மாவைக் கேள். என் பெயரை யாரைக் கேட்டு இன்னொருத்தனுக்குக் கொடுத்தாள் என்று கேள்.


விழுப்புரம்
23.11.2025

அப்பாவுக்கு,

நீங்கள் நலம் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

அம்மாவைக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆறாங்கிளாசு சேக்கப் போனப்ப அப்பா வந்தாதான் அட்மிசன்னு சொல்லிட்டாங்க. அங்கயிருந்தே ஓட்டலுக்குப் போன் பண்ணேன். கல்லாவுல எடுத்தவன் மாஸ்டர் பிசின்னு வெச்சிட்டான். தொணைக்கு வந்த சீனு அண்ணனப் பாத்து, இவருதான் அப்பாவான்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லாம நின்னேன். நான் பண்ணது அவ்ளோதான்."

அதற்குப் பிறகு மாற்ற முடியாமல் போய்விட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சீனு மாமா கடையைச் சாத்திவிட்டுப் போனார். வேலை நாளில் கூப்பிட்டால் வருகிற ஒரே அப்பா அவர்தான் என்று பள்ளியில் அவரைக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். நேற்று வந்து நம் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "காலி சேரப் பாத்தா புள்ள மொகம் சுண்டிப் போவுதும்மா, அதான் ஒக்காந்தேன். மாஸ்டரு மூஞ்சில இனிமே எப்பிடி முழிப்பேன்" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தேன்.

உங்கள் மேல் வருகிறது. நீங்கள் வந்தால் வீட்டை வாய் மூட வைத்தது நாங்கள்தான். உங்களுக்குத் தூக்கம் போதவில்லையே என்று பயந்து செய்தோம். ஆனால் விழித்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்தது நீங்கள். "டி.வி.யப் போடுடா" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? முதலாளியிடம் வாய் திறக்க மாட்டீர்கள். ஹெட்மாஸ்டரிடம் திறக்க மாட்டீர்கள். வீட்டிலும் மாட்டீர்கள். தெரு முனையில் நின்று எங்கள் சிரிப்பைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவீர்கள். பிறகு அந்தக் கோபத்தையெல்லாம் காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்புவீர்கள். எனக்கும் கோபம் காகிதத்தில்தான் வருகிறது. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. அதற்காகவும் கோபம்.

உங்கள் கடிதத்தை வல்லரசு என்னைக் கேட்காமல் எடுத்துப் படித்துவிட்டான். படித்துவிட்டு அலமாரி மேலிருந்த மஞ்சள் பையை இறக்கினான். நமுத்துப் போயிருந்தது. தோலைக்கூடச் சரியாக உரிக்காமல் முழுப் பையையும் ஒரே ஆளாகத் தின்று தீர்த்தான். எங்கள் இருவருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

கலைமதி


விழுப்புரம்
28.1.2026

அப்பா,

நான் வல்லரசு. அக்கா எழுதச் சொல்லவில்லை. எல்லோரும் நலம் என்று முதலில் போட வேண்டுமாம். நலம்.

பிப்ரவரி 21 சனிக்கிழமை ஸ்கூலில் பாத பூஜை. பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னால் பன்னிரண்டாவது பசங்க எல்லாரும் அப்பா அம்மா காலைக் கழுவிப் பூப் போட வேண்டும். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சேர் போட்டு உட்கார வேண்டும். இதைக் கேட்டதும் அம்மா, "அந்த அண்ணன் பக்கத்துல ஜோடியா ஒக்காருறதுக்கு நான் கெணத்துல வுழுறேன்" என்றது. சீனு மாமா பயந்து ஒரு வாரமாகக் கடையே திறக்கவில்லை.

கிளாசில் சார் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். என்கிட்ட வந்ததும், "அரங்கநாதன் சார்தானே" என்று அவரே எழுதப் போனார். நான் எழுந்து, "அவரு இல்ல சார். எங்கப்பா அன்னைக்கு மல்லாட்ட குடுத்துட்டுப் போனாரே, அவரு" என்றேன்.

ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கத்தினார். டி.சி. கிழிப்பேன் என்றார். எக்ஸாம் வந்துவிட்டதால் கிழிக்கவில்லை. நிஜமான ஆளை ஆதாரோடு கூட்டிவா என்றார். சீனு மாமாவைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று வாட்ச்மேன் கேட்கிறார்.

உனக்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்காகச் சொன்னேன். சனிக்கிழமை நீ வர மாட்டாய். தெரிந்துதான் எழுதுகிறேன்.

வல்லரசு
பன்னிரண்டாம் வகுப்பு


திண்டிவனம்
12.2.2026

மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. நான் நலம்.

தம்பிக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாள் கிழித்துவிட்டேன். உனக்கே எழுதுகிறேன்.

முதலாளியிடம் சனிக்கிழமை லீவு கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். "செவ்வாக்கெழம கழுவச் சொல்லுங்க மாஸ்டர், காலு எங்க ஓடிடப் போவுது" என்றார். சமையலறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அம்மா பக்கத்து நாற்காலியில் மாமன், சித்தப்பன் என்று யாரையும் உட்கார வைக்காதீர்கள். காலியாகவே இருக்கட்டும்.

அரங்கநாதன்


விழுப்புரம்
22.2.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது? இனிமேல் என் கடிதத்தில் முதல் வரி இதுதான். நான் நலம் என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டோம். வலக்கால் எப்படி, இடக்கால் எப்படி என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மேடைக்குக் கீழே வரிசையாக நாற்காலி. அம்மா பக்கத்தில் காலி. வல்லரசு சொம்பைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பவே மாட்டேன் என்று நின்றான். கடைசி வரிசையில் சீனு மாமா ஒளிந்து உட்கார்ந்திருந்தார். மைக்கில் தண்ணீர் ஊற்றச் சொல்லியாகிவிட்டது. அப்போது நீங்கள் வந்தீர்கள். சட்டையில் மாவுக் கறையோடு, அடுப்பிலிருந்து நேராக. வாட்ச்மேன் ஆதாரைக் கேட்கவே இல்லை. முன்னால் ஓடிவந்து வழிவிடச் சொன்னார்.

நீங்கள் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கியதும் அம்மாவின் புடவை தெரிந்தது. நான் மடித்துக் கொடுத்தனுப்பிய அந்த நீலப் பூப் போட்டது. கிழித்து இரண்டு காலிலும் முழங்கால் வரை இறுக்கிச் சுற்றியிருந்தீர்கள். வல்லரசு அதை அவிழ்த்தான். பாயில் எத்தனையோ தடவை நீங்கள் படுத்திருந்து பார்த்திருக்கிறோம். போர்வைக்கு வெளியே உங்கள் காலை நாங்கள் பார்த்ததில்லை. நரம்பெல்லாம் சுருண்டு சுருண்டு, கணுக்கால் எது என்றே தெரியாமல்.

"இன்னாதுபா இது?" என்றான்.

"ஒண்ணுமில்ல. ஊத்துடா."

"ஒண்ணுமில்லியா? கறுத்து வீங்கிப் போய்க் கெடக்குது, ஒண்ணுமில்லன்ற? டாக்டர்ட்ட காட்டினியா?"

"எங்கடா காட்டறது? நாள் முழுக்கக் கல்லாண்ட நின்னுக்கினு."

"செவ்வாக்கெழம இன்னா பண்ண? தெரு முனையில வந்து நின்னல்ல? அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரில போய் நின்னிருக்கலாம்ல?"

"யாருக்காவடா நின்னேன் நானு?"

"நாங்க கேட்டமா? இப்பிடி நிக்கச் சொல்லி நாங்க யாருனா கேட்டமா?"

மைக்கில் அமைதி, அமைதி என்றார் ஹெட்மாஸ்டர். மற்றப் பிள்ளைகள் சொம்பைச் சாய்த்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு அப்பா தன் காலைப் பின்னால் இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். வல்லரசு பூவே போடவில்லை. மஞ்சள் தண்ணீரைக் கோபமாக ஊற்றினான். பிறகு அந்தப் புடவைத் துணியை எடுத்து உங்களைவிட நன்றாகச் சுற்றிவிட்டான். சுற்றிக்கொண்டே திட்டினான்.

பள்ளியிலிருந்து வீடு வரைக்கும் நடுத் தெருவில் இருவரும் கத்திக்கொண்டே வந்தீர்கள். கறிக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். கடைசியில் நான்தான், "ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்து கத்துங்க" என்று கத்தினேன். தெருவில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நீங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தீர்கள். அப்புறம் சொன்னபடி வீட்டுக்கு வந்து கத்தினீர்கள்.

அம்மா பழக்கத்தில் பாயை எடுத்துவிட்டாள். "அத்த உள்ள வையி தையலு, தூங்கவா வந்தேன்?" என்றீர்கள். நீங்கள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை.

ஆனால் பாதியில் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். "நான் பேசிக்கினே இருக்கேன், அவரு பாட்டுக்குப் போய்க்கினே இருக்காரு" என்று வல்லரசு கதவை உதைத்தான். அவன் இன்னும் முடிக்கவில்லை. பட்டமளிப்பு விழாவைப் பற்றி நான் ஆரம்பிக்கவே இல்லை. நீங்கள் போன பிறகு அம்மா சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகம் இருக்கும் போலிருக்கிறது. நீங்களும் முழுக்கச் சொல்லவில்லை. சீனு மாமாவைக் கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. அவர் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

நாளை காலை இந்தக் கடிதம் இலைக்கட்டில் வரும். உங்கள் கல்லில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தால், துணிமணியை எடுத்துக்கொண்டு தொம்மை அண்ணன் வண்டியிலேயே ஏறி வந்துவிடுங்கள். நீங்களே நின்றுகொண்டிருந்தால், செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வாருங்கள். வல்லரசு பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு நிற்பான். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. சண்டை அதற்கு அப்புறம், விட்ட இடத்திலிருந்து.

பிள்ளையார் கோயில் முனையில் யாரும் நிற்கக் கூடாது.

உங்கள் மகள்,
கலைமதி